மாடலின் உழைப்பும் ஏஜென்சியின் கணக்கேடும்: நியூயார்க்கின் ஃபேஷன் தொழிலாளர் சட்டத்தை முன்வைத்து

ஜமைக்காவைச் சேர்ந்த ஓர் இளம் மாடல் 2014 அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பு, டொனால்ட் டிரம்ப்புக்குச் சொந்தமாக இருந்த டிரம்ப் மாடல் மேனேஜ்மென்ட். அவருக்கு எச்-1பி விசா கேட்டபோது ஆண்டுக்கு 75,000 டாலர் ஊதியம் என்று அரசிடம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாண்டில் கைக்கு வந்ததோ 3,880 டாலர் சொச்சமும் சில முன்பணங்களும்தான் என்றது மனு. கமிஷன் என்றும் செலவு என்றும் மீதியெல்லாம் கழிக்கப்பட்டுவிட்டதாம். அவருக்கு வாய்ப்புகள் அமையவில்லை, நடந்ததெல்லாம் தொழிலின் வழக்கமான நடைமுறைதான் என்பது ஏஜென்சித் தரப்பின் பதில். 2016 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது. ஏஜென்சி தவறிழைத்தது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

அந்தப் பதிலை நான் அப்படியே ஏற்கிறேன். வழக்கமான நடைமுறைதான் என்றால், சட்டம் விசாரிக்க வேண்டியது ஒரு முதலாளியின் குணத்தை அல்ல, அந்த நடைமுறையை. ஃபேஷன் உலகின் சுரண்டலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மெலிந்த உடல்களையும் ஒழுக்கம் கெட்ட போட்டோகிராபர்களையும் பற்றியே எழுதுகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து முளைக்கின்றன: வேலை தேடித் தருபவரும், கடன் கொடுப்பவரும், வீடு வாடகைக்கு விடுபவரும், சம்பளத்தை வாங்கிக் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கும் ஏற்பாட்டிலிருந்து. அந்தக் கணக்கேட்டைத் தொடாத எந்த ஒழுங்குமுறையும் பயன் தராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எச்-1பி என்றால் நம் ஊரில் மென்பொருள் வேலை என்றுதான் பொருள். அதே விசாவில் எச்-1பி3 என்று ஒரு கிளை உண்டு. அது ஃபேஷன் மாடல்களுக்கானது. பட்டம் தேவையில்லை, தொழிலில் தனிச்சிறப்பு இருந்தால் போதும். ஆண்டுக்கு 65,000 என்ற அதே பொது உச்சவரம்புக்குள் மாடலும் பொறியாளரும் போட்டியிடுகிறார்கள். விண்ணப்பிப்பது ஏஜென்சி. ஏஜென்சியை விட்டால் விசாவும் போய்விடும் என்ற அச்சம் எத்தகையது என்பதை அமெரிக்காவில் பிள்ளைகள் வேலைசெய்யும் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தரகரா, மேலாளரா?

மாடல் ஏஜென்சி என்ற நிறுவனம் உருவானது நியூயார்க்கில்தான். ஜான் ராபர்ட் பவர்ஸ் 1923இல் தொடங்கினார். ஐலீன் ஃபோர்டும் அவர் கணவரும் 1946இல் தொடங்கிய ஏஜென்சி ஒரு புது ஏற்பாட்டால் பெயர் பெற்றது. வாடிக்கையாளர் பணம் தரத் தாமதித்தாலும், வேலை செய்ததற்கான வவுச்சரைக் காட்டிய மாடலுக்கு ஏஜென்சியே முன்கூட்டிப் பணம் கொடுத்துவிடும். தரகர் தன் பணத்தைப் போட்டு உழைப்பவரின் காத்திருப்பைக் குறைத்தார். இன்று நிலைமை நேர்மாறு. வரவேண்டிய சொந்தச் சம்பளத்தை முன்கூட்டிக் கேட்டாலே அதற்குத் தனிக் கட்டணம் பிடிக்கும் பழக்கம் தொழிலில் ஊன்றிவிட்டது.

நியூயார்க் மாநிலத்தின் பொது வணிகச் சட்டம் வேலைவாய்ப்பு ஏஜென்சிகளுக்கு உரிமம் கட்டாயம் என்கிறது. அவை வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு விதிக்கிறது. ஆனால் கலைஞரின் தொழில்வாழ்வை நிர்வகிப்பதே முதன்மைப் பணியாகவும், வேலை பிடித்துத் தருவது அதில் தற்செயலாகச் சேர்ந்த பணியாகவும் இருந்தால் இந்த விதி பொருந்தாது. பெரிய ஏஜென்சிகள் எல்லாம் இந்த விலக்கின் நிழலில் ஒதுங்கின. நாங்கள் வேலைவாய்ப்பு ஏஜென்சி அல்ல, மேனேஜ்மென்ட் கம்பெனி என்றன. காலையிலிருந்து மாலைவரை மாடல்களைக் காஸ்டிங் என்னும் தேர்வுக்கு அனுப்புவதே வேலையாகக் கொண்ட நிறுவனம், வேலை தேடித் தருவது எங்கள் தொழிலில் தற்செயல் என்று எழுதிக் கொடுத்தது. சட்டமும் பல பத்தாண்டுகள் தலையாட்டியது. கலிஃபோர்னியாவில் இத்தகைய விலக்கு இல்லை. வேலை பிடித்துத் தருபவர் தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் பெற்றே ஆக வேண்டும். ஆகவே இந்த ஓட்டை தவிர்க்க முடியாத ஒன்றாக இருக்கவில்லை. அது விட்டுவைக்கப்பட்டிருந்தது.

இதன் பலன் 2002இல் நீதிமன்றத்துக்கு வந்தது. முன்னணி ஏஜென்சிகள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு கமிஷனை 20 விழுக்காடாக நிறுத்தியிருக்கின்றன என்று மாடல்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். ஏறத்தாழ 2.2 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. உரிமை கோரி வந்தவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய பணத்தை அறப்பணிகளுக்கு ஒதுக்க விசாரணை நீதிமன்றம் முடிவுசெய்தது. அந்த ஒதுக்கீட்டை ஏற்காத மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. மாடல்களிடமிருந்து கூடுதலாக வாங்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பணம் மாடல்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு மேல்முறையீடு தேவைப்பட்டது. இதைவிடப் பெரிய முரண் பின்னால் வந்தது. கூட்டுச் சதியின் விளைவு என்று அன்று குற்றம் சாட்டப்பட்ட அதே 20 விழுக்காடுதான், நியூயார்க்கின் 2024ஆம் ஆண்டு ஃபேஷன் தொழிலாளர் சட்டத்தில் மாடல்களைப் பாதுகாக்கும் உச்சவரம்பாக எழுதப்பட்டிருக்கிறது.

முன்பணம் என்னும் விலங்கு

ஆனால் கமிஷன் சிறிய பிரச்சினை. அதன் அளவாவது வெளியே தெரியும். செலவுப் பட்டியல்தான் புதிர். ஒரு பெருநகரத்துக்கு வந்திறங்கும் புதுமுகத்தின் பெயரில் விமானச் செலவும் விசாச் செலவும் முதலில் பற்று எழுதப்படுகின்றன. பிறகு ஏஜென்சியே அமர்த்திய அடுக்ககத்தில், பல பெண்கள் ஒன்றாகத் தங்கும் அறையில், ஒரு படுக்கைக்கு வாடகை. சோதனைப் படப்பிடிப்பு, படத்தோடு அளவுகளை அச்சிட்ட அட்டை, இணையதளத்தில் இடம்பெறுவதற்குக் கட்டணம், கூரியர் என்று பட்டியல் நீள்கிறது. முதல் படப்பிடிப்புக்குப் போகும் முன்பே அவள் கடனாளி. பணத்தை வாங்குவதும் கழிப்பதும் ஏஜென்சி என்பதால், எவ்வளவு வந்தது, எதற்காகப் பிடிக்கப்பட்டது என்பது அவள் கண்ணில் படுவதே அரிது.

சமூகவியலாளர் ஆஷ்லி மியர்ஸ் நியூயார்க்கிலும் லண்டனிலும் தாமே மாடலாக வேலைசெய்துகொண்டு நடத்திய ஆய்வு ‘ப்ரைசிங் பியூட்டி’ என்ற நூலாக 2011இல் வந்தது. புகழ் தரும் வேலைக்குக் கூலி சொற்பம், கூலி தரும் வேலைக்குப் புகழ் இல்லை என்ற தலைகீழ்க் கணக்கை அந்நூல் விரிவாகக் காட்டுகிறது. பெரிய பத்திரிகையின் பக்கங்களில் வருவது எதிர்கால விளம்பர ஒப்பந்தத்துக்கான முதலீடு. வயிற்றுப்பாட்டுக்குப் பணம் தருவது ஆடைப் பட்டியல்களுக்கான படப்பிடிப்பு. ஆகவே அட்டைப்படத்தில் சிரிக்கும் பெண் அந்த மாதம் ஏஜென்சிக்கு ஆயிரக்கணக்கில் கடன்பட்டிருப்பது அதிசயமான செய்தி அல்ல.

இந்த ஏற்பாட்டின் வடிவம் தமிழ்நாட்டு, இலங்கை வரலாறு அறிந்தவர்களுக்குப் பழக்கமானது. தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோன கங்காணி வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தார்; கணக்கை அவரே வைத்திருந்தார்; துரையிடம் தொழிலாளிக்காகப் பேசியவரும் அவர்தான். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் கடன் எழுதிய ‘துண்டு’ கூடவே போகும். புதுத் தோட்டம் அதைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்ளும். மாடலிங்கிலும் ஒரு ஏஜென்சியை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது பழைய கடன் அவளோடு போவதுண்டு. மலையகத்தில் மடிந்தவர்களின் துன்பத்தையும் பாரிஸ் மேடையில் நடப்பவர்களின் இன்னலையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் கடன் ஆளைக் கட்டும் முறை ஒன்றே. இலங்கையில் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணிகளைத் திருத்தியதால் அது ஒழியவில்லை; கடன் ஆளோடு பயணம் செய்யக் கூடாது என்று விதித்ததால் ஒழிந்தது.

பாலியல் வன்முறையையும் இந்த இடத்தில் வைத்தே பார்க்க வேண்டும். பாரிஸ் ஏஜென்ட் ழான்-லூக் புருனெல் மீதான புகார்களை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 1988இலேயே ஒளிபரப்பியது. அவர் கைதானது 2020 டிசம்பரில். குற்றச்சாட்டுகளை மறுத்துவந்த அவர் 2022 பிப்ரவரியில், விசாரணைக்கு முன்பே, பாரிஸ் சிறையில் இறந்தார். ஒரு பெரிய ஏஜென்சியின் முன்னாள் ஐரோப்பியத் தலைவர் மீது பல பெண்கள் கொடுத்த புகார்களை, காலவரம்பு கடந்துவிட்டது என்று பாரிஸ் அரசு வழக்கறிஞர்கள் 2023இல் முடித்துவைத்தார்கள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பவர்கள் கணக்கேட்டைப் பார்க்கட்டும். மறுத்தால் வேலை போகும், வேலை போனால் கடன் நிற்கும், படுக்கையும் விசாவும் ஏஜென்ட்டின் கையில். பதினாறு, பதினேழு வயதில், மொழி தெரியாத ஊரில், அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

உடலை அளக்கும் சட்டங்கள்

உலகின் கவனம் முதலில் போனது இந்தக் கணக்கேட்டின் பக்கம் அல்ல, எடைத்தராசின் பக்கம். 2006 ஆகஸ்டில் உருகுவே மாடல் லூயிசெல் ராமோஸும், நவம்பரில் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டனும் மிக மெலிந்த நிலையில் இறந்தார்கள். அந்த ஆண்டே மாட்ரிட் ஃபேஷன் வாரம் உடல் நிறை குறியீடு 18க்குக் குறைந்தவர்களை மேடையேற்ற மறுத்தது. இஸ்ரேல் 2012இல் இயற்றிய சட்டம் 18.5 என்று வரையறுத்தது. பிரான்ஸில் 2015இல் எழுந்த இதே யோசனை விவாதத்தில் மாறி, மருத்துவச் சான்றிதழ் கட்டாயம் என்று 2016 ஜனவரிச் சட்டத்தில் முடிந்தது. சான்றிதழ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆறு மாதம்வரை சிறையும் 75,000 யூரோவரை அபராதமும் உண்டு. உடலை மெலிதாக்கியோ பருமனாக்கியோ திருத்திய விளம்பரப் படங்களுக்கு 2017 அக்டோபர் முதல் அறிவிப்பு கட்டாயம்.

நல்லெண்ணத்தில் பிறந்த விதிகள்தாம். ஆனால் மாட்ரிட் விதியும் இஸ்ரேல் விதியும் சோதிப்பது தொழிலாளியின் உடலை. தேறாதவள் வேலையை இழக்கிறாள். இடுப்பில் இரண்டு சென்டிமீட்டர் குறைத்துவிட்டு வா என்று அனுப்பியவர் எதையும் இழப்பதில்லை. சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் கெட்டால் அவரை வெளியேற்றிவிட்டுச் சுரங்கத்தை அப்படியே விடுவதை யாரும் தொழிற்பாதுகாப்பு என்று சொல்லமாட்டார்கள். பிரெஞ்சுச் சட்டம் தண்டனையை வேலை கொடுப்பவர் மேல் வைத்ததால் இவற்றைவிட மேலானது. எனினும் அதுவும் உடலின் முடிவு நிலையைத்தான் கேட்கிறது. அந்த நிலைக்கு உடலைத் தள்ளிய ஒப்பந்தத்தைக் கேட்பதில்லை.

எல்விஎம்ஹெச், கெரிங் ஆகிய இரு ஆடம்பரக் குழுமங்களும் 2017 செப்டம்பரில் கூட்டாக ஒரு சாசனம் வெளியிட்டன. பிரெஞ்சு ஆடை அளவு 32 கொண்ட மாடல்கள் கிடையாது. பெரியவர்களுக்கான ஆடைகளைக் காட்டப் பதினாறு வயதுக்குட்பட்டவர்களை அமர்த்துவதில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில்தான், பாரிஸில் கெரிங் குழுமத்தின் பாலென்சியாகா காஸ்டிங்கில் மாடல்கள் மணிக்கணக்கில் மாடிப்படிகளில் காத்திருக்க வைக்கப்பட்ட செய்தி வெளியாகி, அந்தப் பிராண்டு தன் காஸ்டிங் ஏஜென்சியை விலக்கியிருந்தது. சாசனத்தை எழுதியவரே அதை மீறலாம், தாமே மன்னித்தும் கொள்ளலாம். பதிலுக்கு, முன்னாள் மாடல் சாரா ஸிஃப் 2012இல் நியூயார்க்கில் நிறுவிய மாடல்களின் உரிமை அமைப்பான மாடல் அலையன்ஸ் 2018இல் முன்வைத்த திட்டம், ஃப்ளோரிடாவின் இம்மோகாலி தக்காளித் தொழிலாளர்கள் கண்ட ஏற்பாட்டைப் பின்பற்றியது: வாங்கும் நிறுவனம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், வெளியாள் சோதிக்க வேண்டும். தக்காளி பறிப்பவர்களிடமிருந்து ஃபேஷன் உலகம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வியப்பில்லை.

2024ஆம் ஆண்டுச் சட்டம் செய்வதும் விடுவதும்

2022இல் அறிமுகமான ஃபேஷன் தொழிலாளர் சட்டம் 2024 ஜூனில் நியூயார்க் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் கேத்தி ஹோக்கல் டிசம்பரில் கையெழுத்திட்டார். 2025 ஜூன் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. மேனேஜ்மென்ட் கம்பெனி என்ற அடைக்கலத்தை அது நேராகவே தாக்கியது. அந்தப் பெயரிலேயே தொழிலாளர் துறையில் பதிவு செய், மாடலின் நலனை உன் நலனுக்கு முன்னே வை என்றது. முன்பு மேலாளர் என்ற பெயர் பொறுப்பிலிருந்து தப்பிக்கும் வழி. இப்போது அதுவே பொறுப்பைச் சுமத்துகிறது.

கணக்கேட்டுக்குள்ளும் சட்டம் கைவைக்கிறது. சேரும்போது கட்டணம் வாங்கக் கூடாது. பயண, விசாச் செலவை மாடலின் எழுத்துமூல ஒப்புதல் இன்றி அவள் கணக்கில் முன்பணமாக ஏற்றக் கூடாது. தங்குமிடத்துக்குச் சந்தை விலைக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் கூடாது. அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று நிபந்தனை போடக் கூடாது. வாடிக்கையாளரோடு ஏஜென்சிக்குப் பணத் தொடர்பு இருந்தால் சொல்லியாக வேண்டும். அமர்த்தும் பிராண்டுகளுக்கும் கடமை உண்டு: எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் ஒன்றரை மடங்கு ஊதியம், உணவு இடைவேளை. ஒப்பந்தத்தின் நகலை மாடலிடம் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு விதி. 2024இல் இதையும் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

குழந்தை மாடல்களுக்கு அங்கே வேறு சட்டம். 2013 முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் குழந்தைக் கலைஞர்களாகக் கருதப்படுகிறார்கள். வருமானத்தில் 15 விழுக்காடு அறக்கட்டளைக் கணக்கில் சேர வேண்டும். இந்தியாவில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள் விளம்பரங்களில் வரும் சிறார்க்கும் பொருந்தும்: நாளுக்கு ஐந்து மணி நேரம், மாவட்ட நடுவரின் அனுமதி, வருமானத்தில் 20 விழுக்காடு வங்கி வைப்பு. ஏட்டளவில் நம் விழுக்காடு பெரிது. ஆனால் பதினான்கு வயதைக் கடந்த மாடலைப் பற்றி இந்த விதிகள் பேசுவதில்லை. ‘போர்ட்ஃபோலியோ’ எடுக்கவென்று அவளிடம் முன்பணம் கறக்கும் ஏஜென்ட்டை நோக்கி நம்மிடம் தனிச் சட்டம் ஏதும் இல்லை.

நியூயார்க் சட்டம் ஏன் மாடல்களைத் தொழிலாளர் என்றே அறிவித்துவிடவில்லை என்று கேட்கலாம். பிரான்ஸ் 1969இலேயே அதைச் செய்தது. அங்கே மாடலை அமர்த்தும் எந்த ஒப்பந்தமும் வேலை ஒப்பந்தமாகவே கருதப்படும், எந்தப் பெயரில் எழுதினாலும். சமூகப் பாதுகாப்பு, விடுப்பு ஊதியம் எல்லாம் உண்டு. ஆயினும் வாடிக்கையாளர் கொடுக்கும் தொகையில் பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது பாதியையும் எட்டுவதில்லை. வெளிநாட்டிலிருந்து சில வாரங்களுக்கு வரும் மாடலுக்கு அந்தப் பிடித்தங்களின் பலனும் முழுதாய்க் கிட்டுவதில்லை. பாரிஸிலும் ஏஜென்சியின் முன்பணக் கணக்கு அழியவில்லை. தொழிலாளி என்ற தகுதி அவசியம், ஆனால் அது மட்டும் போதாது என்பதற்குப் பிரான்ஸ் சான்று. எனினும் அமெரிக்காவில் அந்தத் தகுதி இல்லாததற்கு ஒரு தனி விலை உண்டு. சுயதொழில் செய்பவர்கள் ஒன்றுகூடிக் கூலி பேசினால் அது போட்டிச் சட்டத்தை மீறியதாகலாம். கூடிப் பேசுவது ஏஜென்சிகளுக்கோ புதிதல்ல: பிரான்ஸின் போட்டி ஆணையம் 2016இல் 37 ஏஜென்சிகளுக்கும் அவற்றின் சங்கத்துக்கும், சேர்ந்து விலை நிர்ணயித்ததற்காக 20 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. ஏஜென்சிகள் கூடுவதற்குச் சங்கம் இருக்கிறது. நியூயார்க் மாடல் சங்கமாகக் கூடிக் கூலி பேச முடியாது. மாடல் அலையன்ஸ் தொழிற்சங்கமாகப் பேரம் பேசாமல் சட்டமன்றத்தின் கதவைத் தட்டியதற்குக் காரணமும் இதுவே.

செயற்கை நுண்ணறிவு பற்றிய பிரிவைப் பலரும் பாராட்டுகிறார்கள். மாடலின் உருவத்தைக் கணினிப் பிரதியாக்க வேண்டுமானால், எதற்கு, எவ்வளவு காலம், என்ன கூலி என்று குறிப்பிட்டுத் தனியே எழுத்துமூலச் சம்மதம் பெற வேண்டும். ஹெச்&எம் 2025இல் 30 மாடல்களின் பிரதிகளை உருவாக்கப் போவதாக அறிவித்து, உரிமை அவர்களுடையதே என்றது. அத்தகைய ஏற்பாட்டுக்கு இந்தப் பிரிவு நல்ல காவல். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் மாத அமெரிக்க ‘வோக்’ இதழில் கெஸ் நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்த பெண் யாருடைய பிரதியும் இல்லை. முழுக்கக் கணினி படைத்தவள். அவளுக்காக யாரிடம் சம்மதம் கேட்பது? செயற்கை உருவம் என்று விளம்பரத்தில் சொல்லியாக வேண்டும் என 2025 டிசம்பரில் நியூயார்க் இன்னொரு சட்டம் இயற்றியது. அது வாங்குபவரின் ஏமாற்றத்தைத் தடுக்கும்; வேலையிழப்பைத் தடுக்காது. முதலில் போகப்போவது, புகழ் இல்லாமல் கூலி மட்டும் தந்துவந்த ஆடைப் பட்டியல் வேலைதான். அந்தக் கூலியைக் கொண்டே முன்பணக் கடனை அடைத்துவந்தார்கள். வருமானம் சுருங்கினால் கடன் நீளும், கடன் நீண்டால் பிடி இறுகும்.

சட்டத்தின் பெருங்குறைகள் இரண்டு. முதல் மீறலுக்கு 3,000 டாலர்வரை, அடுத்ததற்கு 5,000வரை என்ற அபராதம் பெரிய ஏஜென்சிக்கு ஒரு நாள் படப்பிடிப்பின் கமிஷனுக்குச் சமம். அதுவும் பெரும்பாலும் மாடல் கொடுக்கும் புகாரிலிருந்தே தொடங்க வேண்டும். விசாவைக் கையில் வைத்திருப்பவர் மேல் பதினெட்டு வயதுப் பெண் புகார் கொடுப்பாள் என்று எதிர்பார்ப்பது, இந்தத் தொழிலைச் சட்டப் புத்தகத்தின் வழியாக மட்டும் பார்த்தவர்களுக்கே தோன்றும். பதிவை ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கையோடு இணைத்தால் புகாருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மற்றது, மிலானிலோ சாவோ பாலோவிலோ எழுதத் தொடங்கிய கடன் நியூயார்க்குக்கு வந்துசேரும்போது மாநிலச் சட்டத்துக்கு அந்தப் பழைய ஏட்டைப் புரட்டும் அதிகாரம் இல்லை. ஆனால் பிராண்டுகள் அங்கெல்லாம் கால்பதித்திருக்கின்றன. ஆகவே மாடலுக்கு ஊதியம் முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஏஜென்சியோடு பிராண்டையும் கூட்டுப் பொறுப்பாளியாக்க வேண்டும். நியூயார்க் சட்டமன்றம் அடுத்துச் செய்ய வேண்டிய திருத்தம் அதுதான். அதுவரை இந்தச் சட்டத்தைப் பாதி வேலை முடிந்த சட்டம் என்றுதான் சொல்வேன்.